ஓட்டிவிட்ட காட்சிகள்

எங்கள் வீட்டில் ‘ஹோம் அலோன்’ படத்தின் வீடியோ கேசட் ஒன்று இருந்தது. அதில் சில இடங்களில் மட்டும் படம் மழை பெய்கிற மாதிரி தெரியும். குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும், ஓரம் நெளியும், சத்தம் ஒரு நொடி கிணற்றுக்குள் போய்விட்டு வரும். எந்தெந்த இடங்கள் என்று எனக்கு மனப்பாடம். திருடன் தலையில் பெயின்ட் டப்பா மோதும் இடம், இன்னொருவன் முகத்தில் இஸ்திரிப் பெட்டி விழும் இடம், கதவுக் கைப்பிடி பழுக்கக் காய்ந்து கை வெந்துபோகும் இடம்.

தேய்த்தது நாங்கள்தான். வீடியோ டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவின் மேல் பூசிய காந்தத் தூள். சுழலும் உருளை ஒன்று அதை உரசி உரசித்தான் படத்தைப் படிக்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் தேயும். நிறுத்திவைத்துப் பார்த்தால் இன்னும் மோசம், ஒரே இடத்தை உருளை விடாமல் சுரண்டிக்கொண்டே இருக்கும். நானோ அந்த இஸ்திரிப் பெட்டி மூக்கைத் தொடும் நொடியில் நிறுத்திவைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள்.

அதே கேசட்டில் பளிச்சென்று, புதுசு போலவே இருந்த பகுதிகளும் உண்டு. அம்மா வரும் காட்சிகள். விமானத்தில் திடுக்கிட்டு எழுகிற அம்மா, விமான நிலையத்தில் ஒவ்வொரு கவுன்ட்டராக அலைகிற அம்மா, யாரோ ஒரு பாட்டியிடம் தன் தோடு, வாட்ச் எல்லாவற்றையும் கொடுத்து டிக்கெட்டுக்குக் கெஞ்சுகிற அம்மா. இவையெல்லாம் எங்களுக்கு ‘ஓட்டிவிடுகிற’ காட்சிகள். ஃபார்வர்டு பட்டனை அமுக்கினால் அந்த அம்மா சாவி கொடுத்த பொம்மை மாதிரி குடுகுடுவென்று ஓடிக் கரைந்துபோவார். திருடர்கள் எப்போது வருவார்கள்? அதுதான் எங்கள் கவலை.

சமீபத்தில் ஏழு வயது மகளோடு அதே படத்தைப் பார்த்தேன். அம்மா விமான நிலையத்தில் நிற்கும் இடம் வந்ததும், “இதை ஓட்டிவிடுப்பா” என்றாள். அச்சு அசலாக அதே சொல். ரிமோட் என் கையில்தான் இருந்தது. ஓட்டவில்லை. ஓட்ட முடியவில்லை என்பதுதான் சரி.

எட்டு வயதில் நான் பார்த்த படமும் இதுவும் ஒன்றுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. அப்போது இது, பெரியவர்கள் யாரும் இல்லாத வீட்டில் ஒரு பையன் ராஜாவாக இருக்கும் கதை. இப்போது, பிள்ளையை மறந்துவிட்டு வந்த ஒருத்தி வீடு போய்ச் சேர்கிற கதை. அதுவும் அவள் எப்படி மறந்தாள் என்பதை எவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருக்கிறார்கள்! இரவில் மின்சாரம் போய்க் கடிகாரம் நின்றுவிடுகிறது. காலையில் அவசரத்தில் தலைகளை எண்ணும்போது பக்கத்து வீட்டுப் பையனும் கணக்கில் சேர்ந்துவிடுகிறான். முந்தைய இரவு மேஜையில் பால் கொட்டி, துடைத்த காகிதங்களோடு இவனுடைய டிக்கெட்டும் குப்பைக்குப் போயிருக்கிறது. ஒரு தப்பு நடந்தால் கண்டுபிடித்துவிடலாம். மூன்று சின்னத் தப்புகள் வரிசையாக நடந்தால் யாருக்கும் தெரியாது. சின்ன வயதில், ‘இப்படிக் கூட மறப்பார்களா’ என்று சிரித்தேன். இப்போது வெளியூர் கிளம்பும்போதெல்லாம் பின் சீட்டை இரண்டு முறை திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் வேனில் இடம் கொடுப்பது ஒரு போல்கா இசைக்குழு. குழுத் தலைவராக நடிகர் ஜான் கேண்டி. அவருடைய காட்சிகளை ஒரே நாளில் எடுத்து முடித்தார்களாம். அவர் அந்த அம்மாவைத் தேற்றுவதற்காக, தன் பிள்ளையை ஒரு முறை சவ அடக்கக் கூடத்திலேயே நாள் முழுக்க விட்டுவிட்டு வந்துவிட்ட கதையைச் சொல்வார். ஆறுதலாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அந்த அம்மாவின் முகம் இன்னும் இருண்டுகொண்டே போகும். இருபது வருடமாக நான் ஓட்டிவிட்ட இந்த இரண்டு நிமிடம்தான் படத்திலேயே நல்ல நகைச்சுவை என்று இப்போது தோன்றுகிறது. மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு இஸ்திரிப் பெட்டிதான் வேண்டும்.

சரி, இதையெல்லாம் ‘பழைய ஞாபகம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமே என்று கேட்கலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கணக்கு உதைத்தது. அதே வயதில் உயிரை விட்டுப் பார்த்த வேறு சில படங்களைத் தேடிப்பிடித்துப் போட்டேன். பெயர் சொல்லமாட்டேன், யாராவது சண்டைக்கு வருவீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. அந்தப் படங்களோடும் எனக்கு அதே விடுமுறை, அதே பாய், அதே தலையணைச் சண்டை எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஞாபகம் மட்டுமே காரணம் என்றால் அவையும் இனித்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டொட்டோரோ’ என்ற அனிமேஷன் படத்தை நான் முதன்முதலில் பார்த்ததே முப்பது வயதுக்கு மேல். அதில் எனக்கு எந்தப் பழைய ஞாபகமும் கிடையாது. ஆனாலும் அது, போன ஜன்மத்தில் பார்த்த படம் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு காரணமும் சொல்வார்கள். குழந்தைகளுக்குப் புரியாத, பெரியவர்கள் மட்டும் சிரிக்கிற ஜோக்குகளை நடுநடுவே தூவிவிடுவதால்தான் பெரியவர்களுக்குப் பிடிக்கிறது என்று. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அந்த மாதிரி ஜோக்குகள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பழசாகின்றன. அன்றைய விளம்பரத்தையோ அன்றைய பிரபலத்தையோ கிண்டல் செய்திருப்பார்கள். பத்து வருடம் கழித்து விளம்பரமும் போயிருக்கும், பிரபலமும் போயிருப்பார், ஜோக் மட்டும் அநாதையாக நிற்கும்.

என் கணக்கு வேறு. நின்ற படங்களையும் விழுந்த படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. விழுந்த படங்களில் பெரியவர்கள் வெறும் தடுப்புச்சுவர். திட்டுவதற்கும், ஏமாறுவதற்கும், கடைசியில் கட்டிப்பிடிப்பதற்கும் மட்டும் வருவார்கள். நின்ற படங்களில் ஓரத்தில் நிற்கிற பெரியவருக்கும் ஒரு பாடு இருக்கிறது. படம் அதைப் பெரிதாகக் காட்டாது, அதற்காக நிற்காது, பிள்ளைக்குப் பின்னாலேயே ஓடும். ஆனால் அது அங்கே இருக்கும். நாம் ஓட்டிவிட்டாலும் தேயாமல் இருக்கும்.

‘ஈ.டி.’யை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியில் மாட்டிக்கொண்ட வேற்றுக் கிரகத்து ஆளை ஒரு பையன் வீட்டில் ஒளித்துவைக்கும் கதை, 1982இல் ஸ்பீல்பெர்க் எடுத்தது. படத்தின் பெரும்பகுதியில் கேமரா குழந்தையின் கண் உயரத்தில்தான் இருக்கும். துரத்தி வரும் ஆட்களின் முகமே முதல் பாதியில் தெரியாது. இடுப்பும், டார்ச் வெளிச்சமும், குலுங்கும் சாவிக் கொத்தும்தான். முகம் காட்டப்படும் ஒரே பெரியவர் அந்த அம்மா.

அவர் வருகிற ஒரு காட்சி எங்கள் வீட்டில் பிரசித்தம். கடையில் வாங்கிய சாமான்களோடு சமையலறைக்குள் நுழைகிறார். வேற்றுக் கிரகத்து ஆள் அங்கேயே, காலடியில், நின்றுகொண்டிருக்கிறது. குட்டிப் பெண் அம்மாவுக்கு அதை அறிமுகப்படுத்தப் பார்க்கிறாள். அம்மா கவனிக்கவே இல்லை. பைகளைப் பிரிக்கிறார், பேசுகிறார், ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கிறார். கதவு இடித்து ஈ.டி. தொப்பென்று விழுகிறது. அப்போதும் பார்க்கவில்லை. தொலைபேசி அடிக்கிறது, பையனைப் பற்றிப் பள்ளியிலிருந்து புகார். “இந்த அம்மாவுக்குக் கண்ணே தெரியாதா!” என்று நானும் அக்காவும் தரையில் உருண்டு சிரிப்போம்.

தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கிற ஒருத்தி வேலையிலிருந்து வந்து, சாமானை அடுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறாள் என்றால், சமையலறையில் யானையே நின்றாலும் தெரியாது. இது எனக்குத் தெரிய முப்பது வருடம் ஆனது. போன மாதம் என் மகள் காலைச் சுரண்டி ஏதோ காட்டிக்கொண்டே இருந்தாள். நான் போனில் பேசியபடி “சூப்பர்டா, சூப்பர்டா” என்றேன். பிறகு பார்த்தால், விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் படத்தில் அப்பா கிடையாது. பிரிந்து போய்விட்டார். சாப்பாட்டு மேஜையில் பையன், அப்பா இருந்தால் நான் சொல்வதை நம்புவார் என்கிறான். அப்படியானால் அவருக்கே போன் செய்து சொல்லேன் என்கிறார் அம்மா. முடியாது, அவர் இன்னொரு பெண்ணோடு மெக்சிகோவில் இருக்கிறார் என்று பையன் பட்டென்று போட்டு உடைக்கிறான். அம்மா எழுந்து பாத்திரத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவருக்கு மெக்சிகோவே பிடிக்காதே என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். அவ்வளவுதான். படம் மறுபடி பையனோடு போய்விடுகிறது. அந்த ஒரு வரிக்குள் ஒரு கல்யாணம் முழுக்க இருக்கிறது. சின்ன வயதில் அது என் காதில் விழுந்ததாகவே ஞாபகம் இல்லை.

முக்கியமான விஷயம், அந்த அப்பா கடைசிவரை திரும்பி வருவதில்லை. ஈ.டி. பறக்கவைக்கும், காயத்தை ஆற்றும், வாடின பூவை மலரவைக்கும். அதை மட்டும் செய்யாது. சோம்பேறித்தனமான குடும்பப் படமாக இருந்திருந்தால் கடைசிக் காட்சியில் அப்பா பெட்டியோடு வாசலில் நின்றிருப்பார்.

‘ஃபைண்டிங் நீமோ’ வந்த 2003இல் எனக்கு மீசை அரும்பியிருந்தது. தோழர்கள் யாருக்கும் சொல்லாமல் பார்த்தேன். அப்போது எனக்கு, தொலைந்துபோன மகன் நீமோவைத் தேடிப் போகிற அந்த அப்பா மீனைக் கண்டாலே எரிச்சல். அங்கே போகாதே, இதைத் தொடாதே, அது ஆபத்து. வீட்டிலும் அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது என்பதால் இரட்டை எரிச்சல். பிறகு அப்பாவான பின் பார்த்தபோது முதல் ஐந்து நிமிடமே என்னை அடித்துப்போட்டுவிட்டது. மனைவியும் நானூறுக்கு மேல் முட்டைகளும் ஒரே தாக்குதலில் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஒரே ஒரு முட்டை, அதிலும் ஒரு கீறல். இதற்குப் பிறகு ஒரு அப்பன் எப்படித்தான் பேசுவான்?

இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் இந்தக் கதை பிறந்ததைப் பற்றிப் பேசியிருக்கிறார். வேலை மும்முரத்தில் மகனோடு நேரமே செலவிட முடியவில்லை என்று, ஐந்து வயதுப் பையனைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார். போகும் வழியெல்லாம் தொடாதே, விழுந்துவிடுவாய், பார்த்து வா என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். கிடைத்த நேரத்தையும் இப்படி வீணாக்குகிறோமே என்று அவருக்கே உறைத்திருக்கிறது. அந்த உறுத்தல்தான் படம். அதாவது, நீமோவைத் தேடுவதற்கு முன்னாலேயே தன்னைப் பிடித்துத் திட்டிக்கொண்ட ஒரு அப்பா அந்தப் படத்துக்குள் இருக்கிறார்.

திமிங்கிலத்தின் வாய்க்குள், அவனுக்கு எதுவுமே ஆகவிடமாட்டேன் என்று சத்தியம் செய்தேனே என்று அப்பா மீன் புலம்பும். கூட வந்த, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத டோரி என்ற மீன் வெகுளியாகக் கேட்கும்: எதுவுமே ஆகவிடாவிட்டால், அவனுக்கு எதுவுமே நடக்காதே? பிள்ளை வளர்ப்பு பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். இந்த அளவுக்கு என் கையைப் பிடித்து நிறுத்தியது அதில் எதுவும் இல்லை.

‘டாய் ஸ்டோரி’ பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும். 1995இல் முதல் படத்தில் பொம்மைகளின் சொந்தக்காரனான சின்னப் பையன் ஆண்டிக்குக் குரல் கொடுத்த ஜான் மாரிஸ்தான், 2010இல் கல்லூரிக்குக் கிளம்பும் ஆண்டிக்கும் குரல் கொடுத்தார். இடையில் பதினைந்து வருடம். முதல் படம் பார்த்த பிள்ளைகள் வளர்ந்த அதே வேகத்தில் அந்தக் குரலும் உடைந்து, தடித்து வந்திருக்கிறது. மூன்றாம் படத்தில் மகனுடைய காலி அறைக்குள் நுழைகிற அம்மாவுக்கு ஒரு நொடி மூச்சு நிற்கும். எனக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது, இப்போதே பயம்.

‘பேப்’ படத்தில் வரும் விவசாயி அதிகம் பேசமாட்டார். 1995இல் வந்த படம். பன்றிக்குட்டிகள் மளமளவென்று வளர்ந்துவிடும் என்பதால் ஒரே கதாபாத்திரத்துக்கு 48 குட்டிகளைப் பயன்படுத்தினார்களாம். சின்ன வயதில் எனக்கு அந்தப் படம் என்றால் எலிகள் பாடுவதுதான். இப்போது ஒரே காட்சி. பன்றிக்குட்டி உடம்பு சரியில்லாமல், சாப்பிட மறுத்துப் படுத்திருக்கிறது. விவசாயி அதை மடியில் வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் பாடத் தொடங்குகிறார். பிறகு எழுந்து ஆடுகிறார். ஒல்லியாக, நெட்டையாக, வாயைத் திறக்கவே யோசிக்கிற ஒரு வயதான மனிதர், ஒரு பன்றிக்காகக் குதித்துக் குதித்து ஆடுகிறார். மற்ற மிருகங்கள் ஜன்னலில் நின்று பார்க்கின்றன. அன்பை வாயால் சொல்லத் தெரியாத அப்பாக்களுடன் வளர்ந்த எல்லாருக்கும் அந்த ஆட்டம் புரியும். எங்கள் அப்பாவும் பாடமாட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை அரை மணிக்கு ஒரு தடவை உதறிக்கொண்டே இருப்பார்.

டொட்டோரோவுக்கு வருகிறேன். 1988இல் வந்த அந்தப் படத்தில் வில்லன் இல்லை. துரத்தல் இல்லை. பத்து வயது அக்கா, நாலு வயதுத் தங்கை, புது வீடு, காட்டில் ஒரு பெரிய ரோமப் பிராணி. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மியாசாகியின் அம்மாவும் அவர் சிறுவனாக இருந்தபோது முதுகெலும்புக் காசநோயால் வருடக்கணக்கில் படுக்கையில் இருந்தவர்.

குட்டித் தங்கை, காட்டுக்குள் டொட்டோரோவைப் பார்த்தேன் என்கிறாள். மறுபடி போய்த் தேடினால் வழி கிடைக்கவில்லை. பொய் சொல்லவில்லை என்று முகம் வெடிக்கப் பார்க்கிறது. அப்பா சிரிக்கமாட்டார். நீ காட்டின் தலைவரைச் சந்தித்திருக்கிறாய், எப்போதும் பார்க்கக் கிடைக்காது, வா, போய் வணக்கம் சொல்லிவிட்டு வரலாம் என்று பிள்ளைகளை அழைத்துப்போவார். அதே அப்பா காலையில் தூங்கிப்போய் மதியச் சாப்பாடு கட்ட மறந்துவிடுபவரும்கூட. பெரியவள்தான் சத்தமில்லாமல் எல்லாருக்கும் கட்டித் தருகிறாள்.

அக்காவை இந்தப் படம் பார்க்கச் சொன்னேன். அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள். எங்கள் வீட்டு ரிமோட்டின் உரிமையாளர். இரவு பதினோரு மணிக்குப் போன் செய்தாள்.

“டேய், அந்த ஆஸ்பத்திரி சீன் பார்த்தியா?”

“எது?”

“அம்மா பெரியவளுக்குத் தலைவாரி விடுவாங்களே.”

பார்த்திருந்தேன். ஆனால் கவனிக்கவில்லை. பிள்ளைகள் அம்மாவைப் பார்க்கப் போகிறார்கள். கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மா பெரியவளுடைய முடியைச் சீவிவிடுகிறார். அவ்வளவுதான் காட்சி. படம் முழுக்கத் தங்கையைத் தூக்கிக்கொண்டு, சமைத்துக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெண், அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ஒரு குழந்தையாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

“அந்த ஒரு சீன்தான்டா படம்” என்றாள் அக்கா. அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது எனக்கு ஐந்து. யார் யாருக்குச் சட்டை மாட்டிவிட்டார்கள் என்பதெல்லாம் நான் ஓட்டிவிட்ட காட்சிகள்.

இந்தப் பேச்சுக்கு அப்புறம்தான் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ ஞாபகம் வந்தது. மஜித் மஜிதி 1997இல் எடுத்த ஈரானியப் படம். ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்குப் போன முதல் ஈரானியப் படமும் அதுதான். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிடுகிற அண்ணன். அப்பாவிடம் சொன்னால் வாங்கித்தரப் பணம் இருக்காது என்று தெரியும். ஒரே ஜோடி ஷூவை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடி ஷூ என்று கேள்விப்பட்டு, மூன்றாவதாக வரவேண்டும் என்று ஓடுகிறான். முதலாவதாக வந்துவிடுகிறான்.

நான் பதிமூன்று வயதில் டிவியில் பார்த்தேன். கோப்பையோடு போட்டோவுக்கு நிற்கவைத்த பையன் அழுகிறான், அதோடு படம் முடிந்தது என்றே இத்தனை வருடமாக என் மனதில் இருந்தது. உலகத்திலேயே அநியாயமான முடிவு என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி பார்த்தேன். அந்த அப்பா பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மகள் டீ கொண்டுவருகிறாள். சர்க்கரை எங்கே என்கிறார். இவ்வளவு இருக்கிறதே என்கிறாள். இது நம்முடையது இல்லை, பள்ளிவாசலுடையது என்கிறார். இந்த இடம் எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. பிறகு பந்தயம், அழுகை, போட்டோ. எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம் என்று நினைத்தபோது படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவின் சைக்கிள். சாமான்களோடு சாமான்களாக, அதில் புது ஷூ. ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி. சில நொடிகள்தான் காட்டுகிறார்கள். அப்புறம் பையன் வீட்டுக்கு வருகிறான், தங்கை அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள், அவன் பிய்ந்துபோன ஷூவைக் கழற்றி, கொப்புளம் வந்த காலை முற்றத்துத் தொட்டியில் விடுகிறான். தங்கமீன்கள் வந்து காலைச் சுற்றுகின்றன. படம் முடிகிறது. சைக்கிள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அந்த ஷூ படத்துல, கடைசியில அப்பா வாங்கிட்டு வர்றார் தெரியுமா?”

“தெரியுமே. ரெண்டு ஜோடி.”

“அப்பவேவா?”

“அப்பவேதான்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ எங்கடா இருந்தே? அவன் ஜெயிச்சதும் அழுதுட்டே எழுந்து போயிட்டே. நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன்.”

போனை வைத்துவிட்டு அந்தச் சைக்கிளை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நான்காவது முறை நிறுத்தியே வைத்துவிட்டேன். கேசட்டாக இருந்திருந்தால் அந்த இடத்தில் கோடு விழுந்திருக்கும்.